பெட்டியில் 48 வோல்ட், உள்ளே ஐந்தே செல்: பேட்டரி புல்வெட்டி வாங்கும் முன்

ஐப்பசியில் நாலு நாள் மழை பிடித்து ஓய்ந்தால் போதும், வீட்டைச் சுற்றிப் புல் கணுக்காலைத் தாண்டிவிடும். வெட்ட ஆளுக்குச் சொல்லி வைத்தால், அவர் வருவதற்குள் இன்னொரு மழை பெய்து முழங்காலுக்கு வந்துவிடும். சரியாக அந்த வாரத்தில்தான் கைபேசியில் விளம்பரம் வந்து நிற்கும்: 48 வோல்ட், இரண்டு பேட்டரி, ஒரு பொட்டலம் பிளேடு, கண்ணாடி, கையுறை, எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள். படத்தில் ஒருவர் ஒற்றைக் கையால் ஒரு காட்டையே சாய்த்துக்கொண்டிருப்பார்.

அப்படி வாங்கிய மெஷின்கள் பல, இரண்டாவது மழைக்கு முன்பே பரணுக்குப் போய்விடுகின்றன. வீட்டில் முளைப்பது ஒரு புல், கையில் இருக்கும் மெஷின் வேறொரு புல்லுக்கு. அல்லது பேட்டரி பத்து நிமிடத்தில் கையை விரிக்கிறது. இரண்டையும் வாங்கும் முன்பே கண்டுபிடிக்க முடியும். அதற்குக் கொஞ்சம் பெருக்கல் தெரிந்தால் போதும். ஒரு சமையலறைத் தராசும் இருந்தால் நல்லது.

பேசப்போவது நைலான் நரம்பைச் சுழற்றிப் புல் வெட்டும் மெஷினைப் பற்றி. கடையில் ‘கிராஸ் டிரிம்மர்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பெட்ரோலில் ஓடும் பெரிய மெஷினுக்குத்தான் ‘பிரஷ் கட்டர்’ என்று பெயர், ஆனால் இப்போது விற்பவர்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரையே ஒட்டிவிடுகிறார்கள்.

புல்லைப் பாருங்கள், பிறகு கடைக்குப் போகலாம்

நரம்புக்குக் கூர் கிடையாது. அரிவாளைப் போல அறுக்காது. வேகத்தினால் அடித்துப் பிய்க்கும். தண்டு பசுமையாக, நீர் கோத்து இருக்கும்வரை ஒரே அடியில் விழும். நார் பிடித்த தண்டில் தோலை மட்டும் உரித்துவிட்டு, பிறகு தானே அதைச் சுற்றிக்கொள்ளும். கையால் பார்த்துச் சொல்ல ஓர் அளவு உண்டு. பேனா ரீஃபில் கனம் வரை 18 வோல்ட் மெஷின் தயங்காது. முழுப் பேனாவின் கனம் என்றால் இரண்டு மூன்று தடவை அடிக்கவேண்டும், நரம்பும் சீக்கிரம் தேயும். சுண்டுவிரல் கனம் வந்துவிட்டால் அரிவாளை எடுத்துவிடுங்கள்.

அருகம்புல், சாதாரண மழைப்புல், இளசான கீரைச்செடி இவற்றுக்கு 1.6 மில்லிமீட்டர் நரம்பே போதும். கோரையும் சுலபமாக விழும், ஆனால் மண்ணுக்குள் கிழங்கு அப்படியே இருப்பதால் ஒரு வாரத்துக்குள் பச்சை எட்டிப் பார்க்கும். அதற்கு மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. நெருஞ்சி தரையோடு தரையாகப் படர்வதால் நரம்பு மேலே ஓடிவிடும், முள் மட்டும் தெறிக்கும். அது களைக்கொத்து வேலை. துத்தியும் நாயுருவியும் முழங்கால் உயரம் வந்துவிட்டால் நார் பிடித்து, மெஷின் தலையில் கயிறு திரித்ததுபோல் சுற்றிக்கொள்ளும். பார்த்தீனியம் ஒரு சாண் உயரத்தில் இருக்கும்போது வெண்ணெய்போல வெட்டுப்படும். பூ விட்ட பிறகு தண்டு முற்றிவிடுகிறது, விதையும் நாலாபக்கம் தெறிக்கிறது, பொடி மூக்கிலும் தோலிலும் ஏறி அரிப்பும் தும்மலும் வருகிறது. பூ வருமுன் வெட்டிவிடுவது எல்லா வகையிலும் லாபம்.

எருக்கஞ்செடி இருந்தால் அதை மெஷினால் தொடவே கூடாது. பால் துளியாகத் தெறித்துக் கண்ணில் பட்டால் கருவிழியைப் பாதிக்கும். வேலிக்காத்தான் கன்று, ஆமணக்கு இவையும் கத்தி, மண்வெட்டி வகையறா.

அடுத்தது பரப்பு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஐந்து சென்ட் மனையில் வீடும் கார் நிற்கும் சிமென்ட் தரையும் போக, உண்மையில் புல் முளைக்கும் இடம் இரண்டு, இரண்டரை சென்ட்தான் தேறும். பேட்டரி மெஷினுக்கு அளவெடுத்துத் தைத்த வேலை இது. பத்து சென்ட் காலி மனைக்கு 18 வோல்ட்டில் இரண்டு பெரிய பேட்டரி, இல்லாவிட்டால் 36 வோல்ட் மெஷின் வேண்டும். ஒரு ஏக்கர் தென்னந்தோப்புக்குப் பேட்டரி மெஷின் பார்ப்பவர்கள் தயவுசெய்து பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 35 சிசி பெட்ரோல் எஞ்சின் கிட்டத்தட்ட 1,000 வாட் கொடுக்கும், டேங்க் காலியானால் இரண்டு நிமிடத்தில் நிரப்பிவிட்டுத் தொடரலாம். வீட்டு பேட்டரி டிரிம்மர் வேலை செய்யும்போது இழுப்பது 200 முதல் 400 வாட் வரைதான்.

பெட்டி மேல் இருக்கும் எண்

வோல்ட் விஷயத்துக்கு வருவோம். ஏமாற்று அதிகம் நடக்கும் இடம் இதுதான்.

இந்த மெஷின்களின் பேட்டரிக்குள் சுவர்க் கடிகாரத்தில் போடும் பேட்டரியை விடக் கொஞ்சம் பெரிய உருளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு லித்தியம்-அயான் செல். ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2 வோல்ட். ஐந்து செல்லைத் தொடராக இணைத்தால் சராசரி 18, முழு சார்ஜில் 21. ஆகவே 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் என்று மூன்று கடையில் மூன்று எண் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது அதே ஐந்து செல்தான். டிவால்ட் கம்பெனி அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்று விற்பதையே ஐரோப்பாவில் 18 வோல்ட் என்று விற்கிறது. இதில் பொய் இல்லை, அளக்கும் நேரம்தான் வேறு. அதேபோல 36 வோல்ட்டும் 40 வோல்ட் மேக்ஸும் ஒன்று. பத்து செல் தொடர்.

பொய் ஆரம்பிப்பது 48-இல். மலிவு பேட்டரிகளில் 48 வோல்ட், 88 வி.எஃப்., 98 வி.எஃப்., 199 வி.எஃப். என்றெல்லாம் அச்சடித்திருக்கும். வோல்ட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ‘எஃப்’ எந்த அளவும் கிடையாது. கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் அதே ஐந்து செல், 21 வோல்ட். சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள், வெளிவரும் மின்னழுத்தம் 21 வோல்ட் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். பேட்டரியில் 88 போட்டவர்கள் சார்ஜரில் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள், வேறு வழியில்லை.

கழற்றாமல் கண்டுபிடிக்கத்தான் தராசு. 18650 என்ற அளவுள்ள ஒரு செல் சுமார் 45 கிராம் எடை. நிஜமான 48 வோல்ட்டுக்குக் குறைந்தது 13 செல் வேண்டும். செல்களே 585 கிராம் ஆகிவிடும், பிளாஸ்டிக் கூடும் சர்க்கியூட் பலகையும் அதற்கு மேல். கையில் இருக்கும் ‘48 வோல்ட்’ பேட்டரி 350 கிராம் என்று தராசு சொன்னால் உள்ளே ஐந்து செல்தான் இருக்கமுடியும். 600 கிராமுக்குச் சற்று மேல் என்றால் பத்து செல், ஐந்து ஐந்தாக இரட்டை வரிசை, வோல்ட் அதே 18-தான். நல்ல கம்பெனி 18 வோல்ட் பேட்டரிகளிலும் இதே கணக்குதான்: 2 ஏ.ஹெச். (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) ஏறக்குறைய 350 கிராம், 5 ஏ.ஹெச். 600 கிராமுக்குச் சற்று மேல். புதிதாக வரும், சற்றுப் பெரிய 21700 செல் ஒவ்வொன்றும் 70 கிராம் என்பதால் ஐந்து செல் 4 ஏ.ஹெச். பேட்டரி அரைக்கிலோவை ஒட்டி இருக்கும்.

ஏ.ஹெச். விஷயத்திலும் இதே தில்லுமுல்லு உண்டு. 18650 செல்லில் அதிகபட்சமே சுமார் 3.5 ஏ.ஹெச்.தான் அடங்கும், வேகமாக மின்சாரம் கொடுக்கக்கூடிய ரகத்தில் அதைவிடக் குறைவு. ஐந்து செல் பேட்டரியின் மேல் ‘15,000 எம்.ஏ.ஹெச்.’, அதாவது 15 ஏ.ஹெச்., என்று இருந்தால் சிரித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் லித்தியம் செல், பேட்டரிகளுக்கு ஐ.எஸ். 16046 தரப்பதிவு கட்டாயம். பேட்டரியின் அடியில் அந்த எண்ணும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். அது இல்லாத பேட்டரியை இரவு படுக்கையறையில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

வாட்-அவர் ஒன்றுதான் பேசும்

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்குச் செய்யும் அதே பெருக்கல்: வோல்ட் பெருக்கல் ஏ.ஹெச். 18 வோல்ட், 4 ஏ.ஹெச். என்றால் 72 வாட்-அவர், பேட்டரியில் அடங்கிய மொத்த மின்னாற்றல் அதுதான். மெஷின் சராசரியாக 250 வாட் இழுத்தால் 72-ஐ 250-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்குங்கள், 17 நிமிடம். பெட்டியில் ‘45 நிமிடம் ஓடும்’ என்று போட்டிருப்பார்கள். அது புல்லே இல்லாமல், குறைந்த வேகத்தில், காற்றில் சுற்றும் நேரம்.

17 நிமிடம் எவ்வளவு வெட்டும்? வீசி வீசிப் போகும்போது ஒரு வீச்சில் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலமும் ஓர் அடி ஆழமும் கிடைக்கும். கணுக்கால் உயரப் புல்லில் ஒரு சென்ட்டுக்கு நாலு நிமிடம் வைத்துக்கொள்ளலாம். முழங்கால் உயரம் என்றால் இரட்டிப்பு. ஆக 4 ஏ.ஹெச். பேட்டரி ஒன்று லேசான புல்லில் நாலு சென்ட், அடர்ந்த புல்லில் இரண்டு சென்ட். 2 ஏ.ஹெச். பேட்டரியில் அதில் பாதிகூடக் கிடைக்காது. சின்னப் பேட்டரியில் ஒவ்வொரு செல்லும் இரு மடங்கு சுமையைத் தாங்கி இழுக்கவேண்டியிருப்பதால் சீக்கிரம் சூடாகி, மின்னழுத்தம் சரிந்து, சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே மெஷின் நின்றுவிடும். டிரிம்மருக்கு 2 ஏ.ஹெச். பேட்டரி என்பது டிரில்லிங் மெஷினில் மிச்சமானதை ஒப்பேற்றுவதுதான். 4-க்குக் கீழே போகாதீர்கள்.

விலையில் பாதிக்கு மேல் பேட்டரியும் சார்ஜரும் தின்றுவிடும் என்பதால், வீட்டில் ஏற்கெனவே 18 வோல்ட் டிரில் இருந்தால் அதே குடும்பத்து டிரிம்மரைப் பேட்டரி இல்லாமல் வெறும் மெஷினாக வாங்குவதே சிக்கனம். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே கம்பெனி, ஒரே 18 வோல்ட் என்றாலும் பொருந்தாமல் போகலாம். பாஷின் நீல நிறத் தொழில்முறை மெஷின் பேட்டரி அவர்களுடைய பச்சை நிற வீட்டு உபயோக மெஷினில் ஏறாது. மகிட்டாவின் 18 வோல்ட் எல்.எக்ஸ்.டி. பேட்டரி அவர்களுடைய 40 வோல்ட் எக்ஸ்.ஜி.டி. மெஷினில் ஏறாது, ஆனால் இரண்டு எல்.எக்ஸ்.டி. பேட்டரியைச் சேர்த்துப் போட்டு 36 வோல்ட்டாக ஓடும் டிரிம்மர் தனியாக உண்டு, ஏற்கெனவே அந்தப் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு நல்ல வழி. ஸ்டில் கம்பெனியில் ஏ.கே., ஏ.பி. இரண்டுமே 36 வோல்ட், இரண்டும் தனித்தனிக் குடும்பம். கடைக்குப் போகும்போது பழைய பேட்டரியைக் கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பார்த்துவிடுங்கள்.

ஒரு விரல்கடை நரம்பு என்ன செய்யும்

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர் 1971-இல் கார் கழுவும் இடத்தில் சுழலும் பிரஷ்ஷைப் பார்த்து, ஒரு காலி பாப்கார்ன் டப்பாவில் ஓட்டை போட்டு நரம்பைக் கோத்துச் சுழலவிட்டதில் பிறந்தது இந்த மெஷின். அன்றைக்கும் இன்றைக்கும் தத்துவம் மாறவில்லை: நரம்பு சுழலும் வேகத்தில் கம்பிபோல விறைத்து நிற்கவேண்டும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில், 30 சென்டிமீட்டர் வட்டம் போடும் நரம்பின் நுனி மணிக்கு 340 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது.

அந்த வேகத்தில் புல்லைவிடக் காற்றுதான் பெரிய எதிரி. அதே சுற்று வேகத்தில், காற்றைக் கிழிக்கச் செலவாகும் மின்சக்தி நரம்பின் நீளத்தோடு நாலாம் படியில் ஏறுகிறது. வட்டம் 30 சென்டிமீட்டரிலிருந்து 36 ஆனால், அதாவது ஒவ்வொரு பக்கமும் 3 சென்டிமீட்டர் கூடினால், காற்றுக்குக் கொடுக்கும் மின்சக்தி இரு மடங்கு. நரம்பின் தடிமன் 1.6-இலிருந்து 2.4 மில்லிமீட்டர் ஆனால் ஒன்றரை மடங்கு. பெட்ரோல் எஞ்சினுக்கு இது கொசுக்கடி. 300 வாட் மோட்டாருக்கு அப்படியில்லை. வேகம் இறங்கி, புல் வெட்டுப்படாமல் வளைந்துகொடுக்கும், மோட்டார் மட்டும் சூடேறும்.

நம் ஊரில் மெஷின் வந்ததும் முதல் வேலையாகப் பிளாஸ்டிக் தடுப்பைக் கழற்றி எறிகிறார்களே, அதன் விளைவு இதுதான். ‘கார்டு புல்லில் இடிக்கிறது, மறைக்கிறது’ என்பது காரணம். அந்தத் தடுப்பின் ஓரத்தில் தகடுபோல ஒரு சின்னக் கத்தி பதித்திருக்கும். நரம்பு அளவுக்கு மேல் நீண்டால் நறுக்கிவிடுவது அதன் வேலை. தடுப்பு போனால் கத்தியும் போகும், நரம்பு நீளும், மோட்டார் கருகும். கல் முழங்காலைப் பதம் பார்ப்பது தனிக் கணக்கு. தடுப்போடு வெட்டுங்கள். அடியில் பச்சைச் சாறு பூசி அடைத்துக்கொண்டால், பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு மரச்சில்லால் சுரண்டுங்கள்.

வட்டம் 18 வோல்ட் மெஷினுக்கு 25 முதல் 30 சென்டிமீட்டர், நரம்பு 1.6 அல்லது 2 மில்லிமீட்டர். 36 வோல்ட்டுக்கு 33 முதல் 38, நரம்பு 2 அல்லது 2.4. இதைத் தாண்டிய அகலத்தைச் சின்ன மெஷினில் யாராவது விளம்பரப்படுத்தினால் அது எண்ணில் மட்டும் இருக்கும் அகலம்.

மலிவு மெஷின்களோடு வரும் பொட்டலத்தில் பிளாஸ்டிக் பிளேடும் இரும்புப் பிளேடும் இருக்கும். பிளாஸ்டிக் பிளேடு மெத்தென்ற புல்லுக்குச் சரி, ஒரு செங்கல் ஓரம் பட்டால் முறிந்து பறக்கும். ஒரு மாலைக்குள் பத்துப் பிளேடு தீர்ந்துபோவது சாதாரணம். இரும்புப் பிளேடை அந்த மெஷினில் மாட்டவே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. பிளேடு போடும் பிரஷ் கட்டருக்குத் தனியாகக் கெட்டியான தடுப்பும், தண்டில் சைக்கிள் ஹேண்டில்போல இரண்டு கைப்பிடியும், தோள் பட்டையும் கொடுப்பது அழகுக்கு இல்லை. பிளேடு கல்லில் பட்டால் மெஷின் முழுதும் பக்கவாட்டில் எகிறும். ஒன்றரைக் கிலோ மெஷினை ஒற்றைக் கையில் பிடித்திருந்தால் அது எகிறும் திசையில் கால் இருக்கலாம்.

கையில் எடுத்துப் பாருங்கள்

மோட்டார் இருக்கும் இடத்தைப் பார்த்து மெஷினின் குணத்தைச் சொல்லிவிடலாம். சின்ன மெஷின்களில் மோட்டார் அடியில், நரம்புத் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். மேலே பேட்டரி இருப்பதால் துலாக்கோல்போல எடை சமன்படும், விலையும் குறைவு. ஆனால் தூசியும் ஈரமும் நேரே மோட்டாருக்குப் போகும். பெரிய மெஷின்களில் மோட்டார் மேலே, பேட்டரியோடு சேர்ந்து இருக்கும். தண்டுக்குள் ஓடும் கம்பி கீழே தலையைச் சுழற்றும். தலை லேசாக இருப்பதால் வீச்சு சுலபம், ஆனால் பின்பக்கம் கனம். தோள் பட்டை இல்லாமல் அரைமணி நேரம் தாங்காது.

தண்டு நேராக இருந்தால் செடிக்கு அடியில், பெஞ்சுக்கு அடியில் நீட்டலாம். வளைந்த தண்டு குள்ளமானவர்களுக்கும் சுவர் ஓரம் மட்டும் வெட்டுபவர்களுக்கும் தோது. எதுவானாலும் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கட்டும். நிமிர்ந்து நிற்கும்போது தலை தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், தரைக்கு இணையாக இருக்கவேண்டும். குனிந்து வெட்டவேண்டி வந்தால் மெஷின் உங்களுக்குக் குட்டை, இடுப்பு மறுநாள் சொல்லும்.

கார்பன் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாருக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா? வருடத்துக்கு நாலைந்து முறை இரண்டு சென்ட் வெட்டுபவருக்குக் கார்பன் பிரஷ் மோட்டாரே ஓடும். அதைவிட அதிகம் என்றால் பிரஷ்லெஸ் வாங்குங்கள்: அதே சார்ஜில் கூடுதல் நேரம் ஓடும், தேய்கிற கார்பனும் இல்லை. அதில் கெட்டுப்போவது பெரும்பாலும் கட்டுப்பாட்டுப் பலகை, அதை முழுதாக மாற்றத்தான் முடியும். பக்கத்து ஊரில் சர்வீஸ் இருக்கிறதா என்று விசாரிக்காமல் பிரஷ்லெஸ் வாங்குவது சரியல்ல.

நரம்பு எப்படி வெளியே வருகிறது என்பதையும் கேளுங்கள். தலையைத் தரையில் தட்டினால் நரம்பு நீள்வது ஒரு வகை. கடையில் ‘டேப் அண்ட் கோ’ என்பார்கள். ட்ரிகரை விட்டுப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் தானாக நீள்வது இன்னொரு வகை. இரண்டாவது சௌகரியம்போலத் தெரியும், ஆனால் ஆட்டோ ஹாரன் அடிப்பதுபோல ட்ரிகரை விட்டு விட்டு அமுக்கும் பழக்கம் உள்ளவர்கள் கையில் நரம்பில் பாதியைத் தடுப்புக் கத்திதான் சாப்பிடும். தட்டும் வகையே மேல்.

நரம்பு சுற்றுவது

மெஷின் மேல் வரும் புகாரில் பெரும்பகுதி இந்த உள்ளங்கை அகல டப்பாவில்தான் பிறக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒரு தாம்பாளத்தின் மேல் தலையை வைத்து மூடியின் இரு பக்கக் கொக்கியையும் அமுக்குங்கள். தாம்பாளம் எதற்கென்றால், உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும். புல்லுக்குள் குதித்துவிட்டால் கிடைக்காது. சுருளை எடுத்து மிச்சம் இருக்கும் பழைய நரம்பை உருவுங்கள். இரட்டை நரம்பு மெஷினுக்குச் சுமார் 5 மீட்டர் நரம்பை வெட்டி நடுவில் மடக்குங்கள், ஒரு முனை இன்னொன்றைவிட ஒரு சாண் நீளமாக இருக்கட்டும். மடக்கிய இடத்தைச் சுருளின் நடுத் தடுப்பில் இருக்கும் வெட்டில் மாட்டி, சுருள் மேல் போட்டிருக்கும் அம்புக்குறி காட்டும் திசையில் இரண்டையும் அதனதன் அறையில் சுற்றுங்கள். நூல்கண்டுபோல அடுத்தடுத்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல், இறுக்கமாக. விளிம்புக்கு அரை சென்டிமீட்டர் கீழேயே நிறுத்திவிடுங்கள். கடைசி ஒரு சாணை எதிரெதிர் வெட்டில் செருகி, கண்ணித் துளைகள் வழியாக வெளியே எடுத்து, ஸ்பிரிங்கை வைத்து மூடி, இரண்டு முனையையும் சுண்டி இழுங்கள். செருகல் விடுபட்டு நரம்பு சுதந்திரமாக வந்தால் சரி.

திசை மாறிச் சுற்றினால் தட்டினாலும் நரம்பு வராது, அல்லது ஓடவிட்டதும் மொத்தமும் அவிழ்ந்து பறக்கும். குறுக்கே ஏறியிருந்தால் மேல் சுற்று கீழ்ச் சுற்றைக் கவ்விக்கொள்ளும். விளிம்பு வரை நிரப்பினால் தலையைத் தட்டும்போது சுருள் நகர இடமிருக்காது. தொளதொளவென்று சுற்றினால் நடப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். சுருளுக்குள் நரம்பு ஒன்றோடொன்று உரசி, சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். திறந்து பார்த்தால் ஒரே கட்டியாக, ஒட்டிய இடம் வெள்ளையாகத் தெரியும். அதை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை.

வெட்டும்போது நரம்பு மூன்று நாலு விரல் நீளத்துக்கும் கீழே தேய்ந்துவிட்டால் பிறகு எத்தனை தட்டினாலும் வராது. உள்ளேயிருந்து இழுத்து வர வெளியே கனம் போதாது. சுற்றுச் சத்தம் கீச்சென்று உயர்ந்ததுமே தட்டிவிடுங்கள், மோட்டாருக்குக் காற்றுச் சுமை குறைந்ததைத்தான் காது கேட்கிறது. மண்ணில் தட்டுங்கள், சிமென்ட் தரையில் வேண்டாம், மூடி தேய்ந்து ஓட்டையாகிவிடும்.

நைலானுக்கு ஈரம் பிடிக்கும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் கிடந்த நரம்பு உலர்ந்து, இரண்டு அடிக்கு ஒருமுறை நுனி உடையும். வேலைக்கு முதல் நாள் இரவு ஒரு வாளித் தண்ணீரில் சுருளோடு ஊறப்போடுங்கள், பழையபடி துவளும். பல கடைகளில் விற்கும் மலிவுக் கட்டு நரம்பு வெயிலில் தொங்கவிட்டதாகவே இருக்கும். அதற்கும் இதே வைத்தியம். நட்சத்திர வடிவம், முறுக்கு நரம்பு என்று விதவிதமாக உண்டு. சின்ன மெஷினுக்கு உருண்டை நரம்பு போதும், முறுக்கு நரம்பு சத்தத்தைக் குறைக்கும். மெஷினில் 1.6 என்று போட்டிருந்தால் 1.6தான்.

வெட்டும்போது

உயர்ந்த புல்லை அடியில் வெட்டக்கூடாது. மேலிருந்து முதலில் பாதி, அடுத்த வீச்சில் மீதி. அடியில் வெட்டினால் நீளப் புல் முழுதாகச் சாய்ந்து தலையைச் சுற்றிக்கொள்ளும், மோட்டார் திணறும். முதல் சில வீச்சில் துண்டுகள் எந்தப் பக்கம் விழுகின்றன என்று பாருங்கள். ஏற்கெனவே வெட்டிய பக்கம் விழும்படி நகர்ந்தால் வெட்டவேண்டிய புல் மூடிப்போகாது. நரம்பின் நுனி மட்டும் புல்லில் படட்டும். தலையையே புல்லுக்குள் அமுக்குவதுதான் பேட்டரியை உறிஞ்சும் பெரிய தப்பு. மழை நனைத்த புல் தடுப்புக்குள் சாணிபோல அப்பும். பனி உலர்ந்து எட்டு, ஒன்பது மணிக்குத் தொடங்குங்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒரு குச்சியோடு ஒரு சுற்று நடங்கள். கல், கண்ணாடி, துணி காயப்போடும் கம்பித் துண்டு எல்லாம் வெளியே வரட்டும்; பாம்பு இருந்தால் அதற்கும் போக நேரம் கிடைக்கும். கம் பூட்ஸ், முழுக்கால் சட்டை, பக்கங்கள் மூடிய கண்ணாடி, பார்த்தீனியம் இருந்தால் மாஸ்க்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. சொட்டுநீர்க் குழாயில் 16 மில்லிமீட்டர் கறுப்புக் குழாய் ஓரிரு அடியைத் தாங்கும், அதிலிருந்து செடிக்குப் போகும் சின்னக் குழாயை நரம்பு தொட்டாலே போயிற்று. புல்லுக்குள் மறைந்திருப்பதால் தெரியாது. மறுவாரம் ஒரு கன்று மட்டும் வாடும்போதுதான் தெரியும். இன்னொன்று மரக்கன்று. கொய்யா, எலுமிச்சை, முருங்கைக் கன்றுகளின் அடிப்பட்டையை நரம்பு சுற்றிலும் உரித்துவிட்டால், இலையிலிருந்து வேருக்கு உணவு இறங்கும் வழி அறுந்து கன்று செத்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, இலை பச்சையாகவே இருக்கும். கன்றைச் சுற்றி ஓர் அடி வட்டத்தைக் கையால் களையெடுத்து, வைக்கோலோ தென்னை மட்டையோ போட்டு மூடி, மெஷினை அங்கே கொண்டுபோகாதீர்கள். முள்கம்பி வேலி ஓரமும் அப்படித்தான், நரம்பு முள்ளில் மாட்டி ஒவ்வொரு அடிக்கும் அறும்.

மழைக்கு மழை வரை

தமிழ்நாட்டில் இந்த மெஷினுக்கு வேலை புரட்டாசியிலிருந்து தை வரை. பிறகு ஏழெட்டு மாதம் சும்மா கிடக்கும், அதிலும் கோடை நடுவில். நிறைய வெட்டித் தேய்ந்து சாகும் பேட்டரியைவிட இந்த ஏழு மாதத்தில் செத்துப்போகும் பேட்டரிதான் அதிகம் கண்ணில் படுகிறது. லித்தியம் செல்லுக்கு முழு சார்ஜும் சூடும் சேர்ந்து வந்தால் ஆகாது. முற்றிலும் காலியாக விட்டாலும் ஆகாது. தானாகக் கசிந்து இறங்கி ஒரு அளவுக்குக் கீழே போனதும் சார்ஜர் ஏற்றுக்கொள்ள மறுத்துவிடும். கடைசி வெட்டு முடிந்ததும் பாதியளவு சார்ஜில், மெஷினிலிருந்து கழற்றி, வீட்டுக்குள் நிழலான அலமாரியில் வையுங்கள். தகரக் கொட்டகையிலோ மாடியறையிலோ வேண்டாம்.

வெட்டி முடித்த கையோடு சூடான பேட்டரியைச் சார்ஜரில் சொருகினால் விளக்கு மட்டும் மின்னும், ஏறாது. செல் 45 டிகிரிக்கு மேல் இருக்கும்போது சார்ஜ் ஏற்றக்கூடாது என்பதால் நல்ல சார்ஜர் காத்திருக்கிறது. கெட்டுவிட்டது என்று பதறாமல் அரைமணி ஆறவிடுங்கள். மலிவு சார்ஜர் காத்திருக்காமல் ஏற்றிவிடும், ஆகவே அதற்கு நீங்களே காத்திருக்க வேண்டும்.

ஆடியில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் 18 வோல்ட் பேட்டரியின் இரு முனையிலும் வைக்கலாம்; சில கம்பெனிப் பேட்டரியில் மெஷினோடு சேர்ந்தால்தான் முனைக்கு மின்சாரம் வரும், அதற்குப் பேட்டரி மேல் சார்ஜ் அளவைக் காட்டும் விளக்குப் பொத்தான்தான் வழி. 21 காட்டினால் முழு சார்ஜ், 18 சொச்சம் என்றால் பாதி, அப்படியே திரும்ப வைத்துவிடலாம். 16-க்குக் கீழே வந்திருந்தால் கால்மணி நேரம் சார்ஜ் போட்டு வையுங்கள். 12-க்கும் கீழே போயிருந்தால் அதை உயிர்ப்பிக்க யூடியூபில் காட்டும் ஒயர் வித்தைகளை முயலாதீர்கள். உள்ளே செல் கெட்டிருந்தால் சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கும். புரட்டாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது, புதிதாக ஒன்றைத் தராசில் வைத்துப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.